கிளானா ஜெயா அரங்கத்துக்கு வந்து சேர்ந்த அணிகள்

2021 மலேசியக் காற்பந்து சூப்பர் லீக் தொடங்குகிற நேரத்தில் அணிகளின் பட்டியலை எடுத்துப் பார்த்தவர்களுக்கு ஒரு கணம் குழப்பமாகத்தான் இருந்திருக்கும். சிலாங்கூருக்குப் பின்னால் எப்.சி. (காற்பந்துக் கிளப்) வந்து ஒட்டிக்கொண்டது, பினாங்குக்கும் அப்படியே. பகாங் 'ஸ்ரீ பகாங்' ஆனது, கோலாலம்பூர் 'கேஎல் சிட்டி' ஆனது. சின்னம் புதுசு, ஜெர்சி புதுசு, முகநூல் பக்கத்தின் பெயர்கூடப் புதுசு. எங்கள் சிலாங்கூருக்கு இதோடு வீடும் மாறிவிட்டிருந்தது. ஷா ஆலம் அரங்கத்தை மூடியாயிற்று, இனி கிளானா ஜெயாவில் இருக்கும், பெட்டாலிங் ஜெயா மாநகர் மன்றத்தின் எம்.பி.பி.ஜே. அரங்கம்தான் சொந்தத் திடல் என்று ஆகிவிட்டது.

நான் செந்தூல்காரன். கோலாலம்பூரில் இருந்துகொண்டு சிலாங்கூருக்குக் கை தட்டுகிறாயே என்று கேட்காத ஆள் இல்லை. அப்பா காலத்தில் கோலாலம்பூரே சிலாங்கூருக்குள்தான் இருந்தது. 1974 பிப்ரவரி 1-இல்தான் அதைப் பிரித்துக் கூட்டரசுப் பிரதேசம் ஆக்கினார்கள். எல்லைக் கோடு மாறிவிட்டது என்பதற்காக அப்பா அணியை மாற்றிக்கொள்ளவில்லை, எங்களுக்கும் அதையே கொடுத்துவிட்டுப் போனார். என் அக்கா மகன் மட்டும் கேஎல் சிட்டி பக்கம் போய்விட்டான். அவன் கதை பின்னால் வரும்.

இந்தப் பெயர் மாற்றம் ஏன் நடந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அப்போது நம்மவர்கள் பலர் இதை வெறும் விளம்பர வேலை என்றே நினைத்தார்கள். அதுவரை மாநில அணிகளை நடத்தியது மாநிலக் காற்பந்துச் சங்கங்கள். உள்ளூர் லீக்குகளை நடத்துவதும் அவர்கள், நடுவர்களைத் தயார் செய்வதும் அவர்கள், கோடிக்கணக்கில் செலவாகும் தொழில்முறை அணிக்குச் சம்பளம் போடுவதும் அவர்களே. அரசியல் மாறினால் தலைவர் மாறுவார், தலைவர் மாறினால் பணம் வரும் வழி மாறும், கடைசியில் ஆட்டக்காரர்களுக்கு மாதக் கணக்கில் சம்பள பாக்கி. இது மலேசியக் காற்பந்தின் பழைய நோய். ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்பின் உரிம விதிகளும் இறுகிக்கொண்டே வந்ததால், அணியைச் சங்கத்திலிருந்து பிரித்துத் தனி நிறுவனமாகப் பதிவு செய், கணக்குக் காட்டு, அப்புறம் லீக்கில் ஆடு என்று மலேசியக் காற்பந்துச் சங்கம் கட்டாயப்படுத்தியது. அதனால் வந்ததுதான் இந்த எப்.சி. எல்லாம். இது சரியான முடிவு என்றுதான் அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். சம்பளம் வாங்காத ஆட்டக்காரனிடம் உயிரைக் கொடுத்து ஆடு என்று கேட்க நமக்கு உரிமை இல்லை.

சிலாங்கூரைப் பொறுத்தவரை பெயர் மாற்றத்தில் பெரிதாக வலி ஒன்றும் இல்லை. சிவப்பும் மஞ்சளும் அப்படியே இருந்தன, சிலாங்கூர் என்ற சொல்லும் அப்படியே இருந்தது. புதுச் சின்னத்தைப் பற்றி மாமாக் கடையில் ஒரு வாரம் பேசினார்கள், பிறகு ஓய்ந்துவிட்டது. அந்த ஆண்டு பெரும்பகுதி கோவிட் கட்டுப்பாடுகளில் கழிந்ததால் புதுப் பெயரில் அணி ஆடியதை நாங்கள் பெரும்பாலும் தொலைக்காட்சியில்தான் பார்த்தோம். இபெடாயோ ஒலுசெகுன் அந்தப் பருவத்தில் 26 கோல் போட்டார். அவர் கோல் போட்டுவிட்டு ஓடும்போது பின்னால் தெரிந்த இருக்கைகள் காலியாக இருந்ததைப் பார்க்கும்போதெல்லாம் மனசு என்னவோ செய்யும். வேறு எந்த ஆண்டாக இருந்தாலும் அந்தக் கோல்களுக்கு அரங்கமே எழுந்து நின்றிருக்கும்.

வலித்தது இடம் மாறியதுதான்.

அப்பா செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலை செய்தவர். அவருக்குக் காற்பந்து என்றால் மெர்டேக்கா அரங்கம். வேலை முடிந்து, குளித்து, பவுடர் போட்டுக்கொண்டு, பஸ் ஏறினால் போதும். 1957 ஆகஸ்ட் 31-இல் துங்கு சுதந்திரத்தை முழங்கிய அதே இடத்தில் சிலாங்கூரின் கோல் மன்னன் மொக்தார் டஹாரி பந்தை எடுத்துக்கொண்டு ஓடுவதைப் பார்த்த தலைமுறை அது. கோல் கம்பத்துக்கு நடுவில் நம்ம ஆர். ஆறுமுகம். நீளமான கை, அதனால் ஸ்பைடர்மேன் என்று பட்டப்பெயர். 1980-இல் மாஸ்கோ ஒலிம்பிக்குக்கான தகுதிச் சுற்றில் தென்கொரியாவை மெர்டேக்கா அரங்கில் 2-1 என்று வென்ற கதையை அப்பா சொல்லும்போது, ஜேம்ஸ் வோங் கோல் போட்ட இடத்துக்கு வந்ததும் குரல் ஏறிவிடும். தகுதி பெற்றும் அந்த ஒலிம்பிக்கை மலேசியா புறக்கணித்துவிட்டது. ஆறுமுகம் 1988-இல் சாலை விபத்தில் இறந்தார். அன்று அப்பா சாப்பிடவே இல்லை என்று அம்மா இன்னமும் சொல்வார்.

1994-இல் ஷா ஆலம் அரங்கம் திறந்தது. 80,000 பேர் உட்காரலாம். இரண்டு பக்கமும் வானவில் மாதிரி வளைந்த கூரை, அந்தக் காலத்தில் அதைப் பார்க்கவே குடும்பத்தோடு போவார்கள். சிலாங்கூர் அங்கே குடிபோனது. அப்பாவுக்கு அது கட்டுப்படியாகவில்லை. பஸ்ஸில் போனால் திரும்பி வர வண்டி கிடையாது, என் மோட்டோரில் பின்னால் உட்கார அவருக்கு இடுப்பு வலி. ஆக, மெர்டேக்காவோடு அவர் நேரில் ஆட்டம் பார்ப்பது ஏறக்குறைய முடிந்துபோனது. அதற்குப் பிறகு வானொலியும் தொலைக்காட்சியும்தான். ஒரு அணி இடம் மாறும்போது பத்திரிகையில் வருவது இருக்கை எண்ணிக்கையும் கட்டுமானச் செலவும்தான். எங்கள் வீட்டில் அப்பா மாதிரி வராமல் போகிற ஆட்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

நான் போனேன். பெடரல் நெடுஞ்சாலையின் மோட்டோர் பாதையில், மழை வந்தால் மேம்பாலத்துக்கு அடியில் வரிசையாக நிற்கும் மோட்டோர்களோடு ஒதுங்கி நின்று, சிவப்பு ஜெர்சி போட்டவர்கள் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டு, மழை விட்டதும் ஒரே கூட்டமாகக் கிளம்புவோம். 2005-இல் டோல்லா சாலேயின் பயிற்சியில், பம்பாங் பாமுங்காஸ், எலி அய்போய் என்ற இரண்டு இந்தோனேசியக்காரர்களோடு மூன்று கிண்ணங்களையும் அள்ளிய பருவம் இருக்கிறதே, அதைப் பார்த்தவர்கள் ஷா ஆலமை மறக்க மாட்டார்கள். 2015-இல் கெடாவை 2-0 என்று வீழ்த்தி 33-ஆவது முறையாக மலேசியக் கிண்ணத்தைத் தூக்கியதும் அங்கேதான். அதற்குப் பிறகு அந்தக் கிண்ணம் எங்கள் பக்கம் வரவில்லை. ஆனால் உண்மையைச் சொன்னால், சாதாரண லீக் ஆட்டத்துக்கு அந்த அரங்கம் ரொம்பப் பெரிது. சில ஆயிரம் பேர் வந்தால் ஆங்காங்கே சிதறிப்போவார்கள், பாட்டுப் பாடினால் எதிர்ப்பக்கம் கேட்பதற்குள் பாட்டு முடிந்துவிடும். கூரைத் தகடுகள் பழுதாகி, அங்கங்கே ஓட்டை விழுந்து, பராமரிப்புக்குப் பணம் கொட்டியும் தீராமல், கடைசியில் பாதுகாப்பு இல்லை என்று மூடும் நிலைக்கு வந்தது.

மூடுவதற்கு முன்பே நாங்கள் அலைய ஆரம்பித்துவிட்டோம். 2017-இல் செலாயாங் அரங்கத்துக்கு மாறினார்கள். எனக்கு அது அதிர்ஷ்டம். செந்தூலிலிருந்து ஜாலான் ஈப்போவைப் பிடித்தால் பத்துமலை தாண்டிக் கொஞ்ச தூரம், வேலை முடிந்து வீட்டுக்கு வந்து தோசை சாப்பிட்டுவிட்டே போகலாம். சின்ன அரங்கம், ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் கூப்பிடுவதுகூடக் கேட்கும். அந்தப் பருவத்தில் பயிற்றுநர் பி. மணியம். அடுத்த ஆண்டு செராஸில் இருக்கும் கோலாலம்பூர் அரங்கம், அதாவது பரம எதிரி வீட்டில் வாடகைக்கு. அங்கே போக எனக்கு இன்னும் சுலபம். செந்தூலில் ஏறினால் ரயில் மாறாமலே பண்டார் துன் ரசாக்கில் இறங்கலாம். ஆனால் கிள்ளானிலிருந்தும் காப்பாரிலிருந்தும் வருகிற சிலாங்கூர்க்காரர்களுக்கு அது வேறு ஊர் மாதிரி. நடு வாரத்தில் இரவு ஆட்டம் என்றால், மறுநாள் காலை வேலைக்குப் போகிறவன் எப்படி வருவான்? அந்த 2018-இன் நடுவில்தான் பி. சத்தியநாதன் பயிற்றுநராக வந்தார். 2019-இல் மறுபடி ஷா ஆலம். அப்புறம்தான் கிளானா ஜெயா.

கிளானா ஜெயா அரங்கத்துக்கு முதலில் போனபோது எனக்கு மனதில் ஓடியது சிலாங்கூர் பற்றி இல்லை, இதற்கு முன்னால் அங்கே ஆடியவர்களைப் பற்றி. அந்த அரங்கத்துக்கே பெயர் மாறியிருக்கிறது. பெட்டாலிங் ஜெயா 2006-இல் மாநகர் ஆனபோது எம்.பி.பி.ஜே. (MBPJ) ஆனது, அதற்கு முன் அது MPPJ, தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்று போலவே வந்து தொலைக்கும் என்பதால் பழையதை 'நகராண்மைக் கழக அரங்கம்' என்றே சொல்கிறேன். 1998 காமன்வெல்த் விளையாட்டில் எழுவர் ரக்பி நடந்த இடம் அது. அந்த நகராண்மைக் கழகத்தின் அணி 2003-இல் மலேசியக் கிண்ணத்தை வென்றது; மாநில அணி இல்லாத ஒரு கிளப் அந்தக் கிண்ணத்தை எடுத்தது அதுதான் முதல் தடவை. நாடே பேசியது. மூன்று நான்கு ஆண்டுகளில் அந்த அணி இல்லை. இப்போது கிளானா ஜெயாவில் ஆட்டம் பார்க்க வரும் இருபது வயதுப் பையனிடம் கேட்டால் அப்படி ஒரு அணி இருந்ததே தெரியாது.

சிலாங்கூர் மாநில வளர்ச்சிக் கழகத்தின் பி.கே.என்.எஸ். அணியும் இப்படித்தான். 2010-இல் நாட்டுக்கு முதல் தென்கிழக்காசியக் கிண்ணத்தை வாங்கித் தந்த கே. ராஜகோபால் பிறகு பயிற்றுநராக இருந்த அணி அது. 2020-இல் அதைச் சிலாங்கூரின் இரண்டாவது அணியாக மாற்றிவிட்டார்கள். அதனால் இளம் ஆட்டக்காரர்களுக்கு நன்மை என்று சொன்னார்கள், சரி, இருக்கட்டும்.

எனக்கு இன்னமும் ஆறாதது மிஃபா.

மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் அணி. அடிமட்ட எப்.ஏ.எம். லீக்கில் ஆடி, 2017-இல் சூப்பர் லீக்குக்கு அடுத்த நிலையில் இருந்த பிரீமியர் லீக்குக்கு ஏறி வந்தார்கள். தோட்டத்திலிருந்தும் தாமான் என்கிற குடியிருப்புகளிலிருந்தும் வந்த நம்ம பையன்களுக்கு, மாநில அணிகளின் தேர்வில் இடம் கிடைக்காவிட்டாலும், போய்க் கதவைத் தட்ட ஒரு இடம் இருந்தது. தோட்டங்களில் காற்பந்து என்ன பாடுபட்டது என்று தெரிந்தவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. ஒரு காலத்தில் ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு திடல், ஒரு அணி, ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் என்று இருந்தது. தோட்டம் துண்டாடப்பட்டு ஜனங்கள் அடுக்குமாடிக்கு வந்தபோது திடல் கூட வரவில்லை. மிஃபா ஆட்டம் ஒன்றுக்குப் போயிருந்தபோது உறுமியோடு வந்திருந்த பையன்கள் இடைவேளையில்கூட நிறுத்தாமல் அடித்துக்கொண்டே இருந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மலாய்க்காரப் பெரியவர் ஒருவர் தாளத்துக்கு முழங்காலைத் தட்டிக்கொண்டு, எந்தப் பையன் எந்த ஊர் என்று என்னிடம் கேட்டுக்கொண்டே ஆட்டம் பார்த்தார்.

2019-இல் அந்த அணி சூப்பர் லீக்குக்குப் போனது. போகும்போது பெயர் பெட்டாலிங் ஜெயா சிட்டி எப்.சி. ஆகிவிட்டது, சொந்தத் திடல் கிளானா ஜெயா. காரணம் புரியாமல் இல்லை. ஒரு இனத்தின் பெயரைச் சுமந்துகொண்டு நாட்டின் மேல்நிலை லீக்கில் ஆதரவாளரையும் விளம்பரதாரரையும் பிடிப்பது கஷ்டம். ஒரு நகரத்தின் பெயர் என்றால் எல்லாரும் வரலாம். கே. தேவன் பயிற்றுநர், பிறகு எங்கள் செலாயாங் காலத்து பி. மணியம். கோகிலேஸ்வரன் ராஜ் மாதிரிப் பையன்கள் வெளிச்சத்துக்கு வந்தது அங்கேதான். 2022-இல் வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவர்கூட இல்லாமல் உள்நாட்டுப் பையன்களை மட்டும் வைத்து சூப்பர் லீக்கில் ஆடிக் காட்டினார்கள். காற்பந்தைப் பொறுத்தவரை குறை சொல்ல முடியாத அணி.

ஆனால் கூட்டம் சேரவில்லை. மிஃபா என்ற பெயருக்காக வந்துகொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் பெயர் போனதும் நின்றுவிட்டார்கள், பெட்டாலிங் ஜெயாக்காரர்கள் ஏற்கெனவே சிலாங்கூர் ஆதரவாளர்கள். அவர்களிடம் போய் உங்கள் நகரத்துக்கு ஒரு அணி வந்திருக்கிறது என்றால், எங்களுக்குத்தான் அணி இருக்கிறதே என்பார்கள். 2022-இல் பெட்டாலிங் ஜெயா சிட்டி, சிலாங்கூர் இரண்டுக்கும் அதே கிளானா ஜெயாதான் சொந்தத் திடல். இரண்டும் மோதிய ஆட்டத்துக்கு நான் போயிருந்தேன். அறிவிப்பில் யார் சொந்த அணி என்று சொன்னாலும் இருக்கைகளில் கண்ணுக்கு எட்டிய வரை எங்கள் சிவப்புதான். ஜெயித்தால் சந்தோஷப்பட வேண்டிய நான் எதிர் அணியில் ஓடும் நம்ம பையன்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பருவம் முடிந்ததும் பெட்டாலிங் ஜெயா சிட்டி லீக்கிலிருந்து விலகிக்கொள்வதாக அறிவித்தது. அணி அத்தோடு போயிற்று.

அடுத்த வாரமே புலனக் குழுக்களில் சண்டை. மிஃபா பெயரை விட்டதுதான் தப்பு என்று ஒரு கட்சி, பெயர் இருந்திருந்தாலும் இதே கதிதான் என்று ஒரு கட்சி. நான் நினைப்பது இது: பெயரை மாற்றும் அதே நேரத்தில் இடத்தையும் மாற்றினால், பழைய ஆட்களுக்குப் பிடித்துக்கொள்ள எதுவும் மிஞ்சாது. சிலாங்கூர் நாலு அரங்கம் மாறியும் பிழைத்தது, ஏனென்றால் பெயர் கூடவே வந்தது, அதோடு அப்பனுக்கு அப்பன் காலத்துப் பழக்கமும் வந்தது. மிஃபாவுக்கு அந்தப் பழக்கம் வேர் பிடிக்கவே அவகாசம் கொடுக்கவில்லை. ஒரே இடத்தில், ஒரே பெயரில், ஒரு பத்துப் பதினைந்து வருஷம் ஆடவிட்டிருந்தால் அப்பாக்கள் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்திருப்பார்கள். அதற்கு முதல் போட்டவர்களின் பொறுமையும் வேண்டும், நம்முடைய காலும் வேண்டும். ஆட்டத்துக்கு வராமல் அணி போனதும் அழுவதில் பயனில்லை, இதை நம் சமூகத்துக்கு நான் நேராகவே சொல்கிறேன்.

ஜொகூர்க்காரர்களைப் பாருங்கள். 2013-இல் ஜொகூர் டாருல் தக்சிம் என்று அணியை மாற்றி அமைத்தார்கள், 2014 முதல் சூப்பர் லீக் கிண்ணம் அவர்கள் வீட்டை விட்டுப் போகவில்லை. அரங்கம் மாறியது அதற்கு வெகு நாள் கழித்து, 2020-இல். லார்கின் பழைய அரங்கத்தில் கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டு பிறகு இஸ்கண்டார் புத்ரியில் புதிதாகக் கட்டிய சுல்தான் இப்ராஹிம் அரங்கத்துக்குக் கூட்டத்தோடு போனார்கள். பணம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன், ஆனால் அந்த வரிசை முறையும் முக்கியம்.

கேஎல் சிட்டியின் கதை வேறு. பெயர் மாறிய அதே 2021-இல், நவம்பர் 30 அன்று, புக்கிட் ஜாலிலில் ஜொகூரை 2-0 என்று அடித்து மலேசியக் கிண்ணத்தைத் தூக்கிவிட்டார்கள். 1987, 88, 89 என்று தொடர்ந்து மூன்று முறை வாங்கியதற்குப் பிறகு 32 ஆண்டு காத்திருப்பு. சப்ரி யாஹ்யா ஒரு கோல், பவுலோ ஜோசுவே ஒரு கோல். என் அக்கா மகன் அன்று ராத்திரி தொலைபேசியில் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது.

"மாமா, பேரு மாத்தினா ராசி இல்லைன்னு சொன்னீங்களே! இப்ப என்ன சொல்றீங்க?"

"ராசியை விடு தம்பி. உங்க ஆளுங்க திடல மாத்தலை பாத்தியா? செராஸ்லயே இருந்தாங்க இல்ல?"

அவன் ஒத்துக்கொள்ளவில்லை, அது முழுக்க பயிற்றுநர் போஜான் ஹோடாக்கின் வேலை என்றான். அதிலும் நியாயம் இருக்கிறது. மறு வருஷம் அந்த அணி ஏ.எப்.சி. கிண்ண இறுதி வரை போனது. கொல்கத்தாவில் மோகன் பகானை 3-1 என்று வென்றுவிட்டு வந்து, புக்கிட் ஜாலிலில் ஓமானின் அல் சீப் அணியிடம் 3-0 என்று தோற்றார்கள். அந்த இறுதி ஆட்டத்துக்கு அவன் என்னையும் இழுத்துக்கொண்டு போனான். எதிரி அணி என்றாலும் ஆசிய அளவில் ஒரு இறுதி ஆட்டம், நம்ம ஊரில். போகாமல் எப்படி இருப்பது?

ஷா ஆலம் அரங்கத்தை 2024-இல் இடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். வளைவுக் கூரையைப் பிரிக்கும் படங்களைப் பார்த்துப் பலர் கண் கலங்கினார்கள். அதே இடத்தில் புது விளையாட்டு வளாகம், பழையதில் ஏறக்குறைய பாதி அளவுக்கு ஒரு காற்பந்து அரங்கம் என்று திட்டம். அளவு குறைந்தது நல்லது என்பேன், நிரம்பிய அரங்கில் ஆடுவதுதான் ஆட்டக்காரனுக்கும் பலம். அது தயாராகும் வரை கிளானா ஜெயாதான்.

அதுவரைக்கும் என்று சொன்னாலும், அங்கேயும் இப்போது ஒரு பழக்கம் உருவாகிவிட்டது. முக்கிய ஆட்டங்களுக்கு டிக்கெட் விற்றுத் தீர்ந்துவிடுகிறது. ஓட்டப் பாதை சுற்றி இருப்பதால் திடல் கொஞ்சம் தள்ளித் தெரியும், ஆனாலும் சத்தம் கூடி நிற்கிறது. வாசலில் கச்சாங் பூத்தே விற்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார், ஷா ஆலம் நாளிலிருந்தே எனக்குப் பழக்கம். மோட்டோரின் பின்னால் கண்ணாடிப் பெட்டி, அதற்குள் அறை அறையாக வறுத்த கடலை, காரக் கடலை, பட்டாணி, முறுக்கு. காகிதத்தைச் சுருட்டிக் கூம்பு செய்து, கடலையை அள்ளிப் போட்டு, மேலே இன்னொரு பிடி சும்மா போட்டு, கூம்பின் வாயை விரலால் மடித்துத் தருவார். சூடு காகிதத்தைத் தாண்டி உள்ளங்கையில் ஏறும். அரங்கம் மாற மாற அவரும் கூடவே வந்தார். செலாயாங்கில் வியாபாரம் நன்றாக இருந்ததாம், செராஸில் வேறு ஆட்களின் இடம் என்பதால் நிற்க விடவில்லையாம்.

"ஷா ஆலம்ல பெரிய ஆட்டம்னா பெட்டி ரெண்டு தடவ காலியாகும் தம்பி. இங்க நிக்கிறதுக்கே இடம் தேடணும். புது அரங்கம் வந்தா எங்களை எல்லாம் உள்ள விடுவாங்களா, இல்ல எல்லாம் கடை வாடகைக்குத்தானா?"

புதுத் திட்டம் போடுகிறவர்களிடம் நான் கேட்க நினைப்பதும் அதைத்தான். வணிக வளாகம், தங்கும் விடுதி எல்லாம் வரட்டும். வாசலுக்கு வெளியே பெட்டி வைத்து விற்பவர்களுக்கு ஒரு வரிசை ஒதுக்குங்கள். மலிவு விலை டிக்கெட்டுக்கு ஒரு பக்கம் முழுசாக வையுங்கள். அரங்கத்துக்குப் பக்கத்திலேயே புது எல்.ஆர்.டி. தடத்தின் நிலையம் வருகிறது. ஆட்டம் உள்ள இரவுகளில் கடைசி ரயிலைக் கொஞ்சம் தாமதமாக விட்டால் போதும், இடுப்பு வலிக்காரர்களும் வந்து போவார்கள்.

கிளானா ஜெயாவுக்கு இதுவரை வராதவர்களுக்கு வழி சொல்லிவிடுகிறேன். செந்தூல் பக்கத்து ஆட்கள் அம்பாங் தடத்தில் ஏறி மஸ்ஜித் ஜாமேக்கில் மாறுங்கள், கிளானா ஜெயா நிலையத்தில் இறங்கினால் சிவப்பு ஜெர்சிக் கூட்டத்தின் பின்னாலேயே நடந்துவிடலாம், கொஞ்சம் தூரம்தான், சின்னப் பிள்ளைகள் கூட இருந்தால் வாடகைக் கார் எடுத்துக்கொள்ளுங்கள். டிக்கெட்டை முன்கூட்டியே இணையத்தில் வாங்கிவிடுங்கள். திரும்பும்போது கடைசி ரயில் நேரத்தைப் பார்த்து வைத்துக்கொண்டால் கூடுதல் நேரம் போனாலும் பதற்றம் இல்லாமல் முழு ஆட்டமும் பார்க்கலாம். நான் பெரும்பாலும் வாசலில் அந்தக் கடலை அண்ணன் பக்கத்தில்தான் நிற்பேன், பார்த்தால் வந்து பேசுங்கள்.